பச்சைச் சாராயத்தில் எவ்வளவு விஷம்?

கேள்வி இதுதான்: "பிரான்ஸிலிருந்து வந்த நண்பர் ஆப்சாந்த் என்ற பச்சை மூலிகைச் சாராயம் ஒரு பாட்டில் கொடுத்தார். தேடிப் பார்த்தால் அதில் தூஜோன் என்ற விஷம் இருக்கிறது, குடித்தால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பைத்தியம் பிடிக்கும் என்று போட்டிருக்கிறார்கள். அதில் போடும் வார்ம்வுட் என்ற மூலிகையை ஆன்லைனில் வாங்கி வோட்காவில் ஊறப்போட்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றும் இருக்கிறது. இரண்டும் எந்த அளவுக்கு ஆபத்து?"

முதலில் சுருக்கமான பதில். முறையாகத் தயாரித்து லேபிளோடு விற்கப்படும் ஆப்சாந்தில் நீங்கள் பயப்பட வேண்டியது அதிலுள்ள ஆல்கஹாலுக்கு. தூஜோன் வரிசையில் ரொம்பப் பின்னால் நிற்கிறது. வீட்டில் ஊறப்போடுவதை மட்டும் வேண்டாம் என்று சொல்வேன். செடி ஒன்றுதான், சாராயமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வடித்து எடுப்பதற்கும் ஊறவைத்து எடுப்பதற்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மூலிகைச் சாராயம் எதுவாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது வடித்ததா, ஊறியதா?

ஆப்சாந்த் பிறந்தது சுவிட்சர்லாந்தின் வால்-தெ-த்ராவேர் பள்ளத்தாக்கில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1805இல் எல்லைக்கு அந்தப்பக்கம், பிரான்ஸின் போந்தார்லியே ஊரில் பெர்னோ குடும்பம் வடிசாலை போட்ட பிறகுதான் பெரிய வியாபாரமானது. அடிப்படைச் சரக்கு மூன்று: வார்ம்வுட், ஆனிஸ் விதை, சோம்பு. வார்ம்வுட்டின் தாவரப் பெயர் ஆர்ட்டிமீசியா அப்சிந்தியம். நம் ஊர் மரிக்கொழுந்தும் மாசிப்பத்திரியும் அதே ஆர்ட்டிமீசியா பேரினம்தான், அதனால் ஏதோ கண்காணாத செடி என்று நினைக்க வேண்டாம்.

காய்ந்த மூலிகைகளைக் காட்டமான ஆல்கஹாலில் ஊறப்போட்டு, தண்ணீர் சேர்த்துச் செம்புக் கொப்பரையில் காய்ச்சி வடிப்பார்கள். வடிந்து வருவது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். பிறகு அதில் சின்ன வார்ம்வுட், ஹிஸ்ஸாப், லெமன் பாம் போன்ற இலைகளைக் கொஞ்ச நேரம் போட்டு எடுப்பார்கள். பச்சை நிறம் அந்த இலைகளின் பச்சையம். கடைசியில் பாட்டிலில் ஆல்கஹால் 45 முதல் 74 சதவீதம் வரை இருக்கும். நம் ஊர் விஸ்கி 42.8 சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படிக் காய்ச்சும்போது எது மேலே வருகிறது, எது கொப்பரையிலேயே தங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வார்ம்வுட்டின் குடலைப் புரட்டும் கசப்புக்குக் காரணமான அப்சிந்தின் ஆவியாகாது, அடியிலேயே நின்றுவிடும். தூஜோன் வாசனை எண்ணெயின் பகுதி, அது ஆவியோடு வரும். ஆனால் அதன் கொதிநிலை சுமார் 200 டிகிரி. அதனால் பெரும் பகுதி வடிப்பின் கடைசியில், தொழில் தெரிந்தவர்கள் 'வால்' என்று ஒதுக்கிவிடும் பகுதியில்தான் வரும். நடுவில் வருவதை மட்டும் பிடிக்கிற வடிப்பாளர், ருசிக்காகச் செய்தாலும் சரி, தெரிந்தே செய்தாலும் சரி, தூஜோனின் கணிசமான பங்கைத் தள்ளிவிடுகிறார்.

குடிக்கும் முறையும் பார்க்கத்தக்கது. கிளாஸில் கொஞ்சம் பச்சைச் சரக்கு, மேலே ஓட்டை போட்ட கரண்டி, அதன் மேல் ஒரு சர்க்கரைக் கட்டி. அதன் மீது ஐஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். முதல் சொட்டுகள் விழும்போது பச்சைக்குள் வெள்ளைப் புகை இழை இழையாகச் சுழலும், பிறகு கிளாஸ் முழுக்கப் பால் நிறமாகிவிடும். மாயமெல்லாம் இல்லை. ஆனிஸிலும் சோம்பிலும் உள்ள அனெத்தோல் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் கூடக்கூட அது நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் ஹோட்டல் பில் தட்டில் வைக்கும் சோம்பு வாசனைதான் முதலில் வரும். மூன்றிலிருந்து ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்துக் குடிப்பதுதான் பழைய வழக்கம். சர்க்கரையைக் கொளுத்தும் வித்தை 1990களில் செக் நாட்டு பார்களிலிருந்து பரவியது. ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பாட்டில் பக்கத்தில் தீ வேண்டவே வேண்டாம்.

சரி, தூஜோன் என்ன செய்யும்? மூளையில் நரம்புகளின் வேகத்தை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது வேலை செய்யும் வாசலைத் தூஜோன் அடைக்கும். அடக்கும் கை போய்விட்டால் நரம்புகள் தறிகெட்டுத் துடிக்கும், அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். இதைத் தெளிவாகக் காட்டியது 2000இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் நடந்த ஆய்வு. எலியின் வயிற்றுக்குள் ஊசியாகச் செலுத்தியபோது, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வரை எலிகள் பிழைத்தன, 60 மில்லிகிராமில் எல்லாம் செத்தன. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: முன்கூட்டியே ஆல்கஹால் கொடுத்த எலிகள் தூஜோனைக் கூடுதலாகத் தாங்கின. ஆல்கஹால் காபாவின் பக்கம் நின்று நரம்பை அடக்குகிறது, தூஜோன் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ஆக, ஆப்சாந்தில் விஷத்தோடு அதன் அரைகுறை மாற்றுமருந்தும் சேர்ந்தே வருகிறது. அதை நம்பிக் குடிக்கச் சொல்லவில்லை!

கஞ்சா போல வேலை செய்கிறது என்ற பேச்சும் உண்டு. 1975இல் இரண்டு மூலக்கூறுகளின் வடிவ ஒற்றுமையை வைத்துக் கிளம்பிய ஊகம் அது. 1999இல் சோதித்தபோது பொய்த்தது. தூஜோனுக்கு இல்லாத காட்சியைக் காட்டும் குணம் இருப்பதாக நிரூபணமில்லை.

அப்படியானால் ஆப்சாந்துக்கு இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? பாரிஸின் செயின்ட்-ஆன் மனநல மருத்துவமனையில் இருந்த வாலந்தன் மான்யான் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விலங்குகளில் சோதனைகள் செய்தார். வார்ம்வுட்டின் சுத்த எண்ணெய்க்கு ஆளான விலங்குக்கு வலிப்பு வந்தது, வெறும் ஆல்கஹாலுக்கு ஆளானது போதையில் தள்ளாடியது. இதிலிருந்து 'ஆப்சாந்த் நோய்' என்று தனி நோயே இருப்பதாக அவர் முடிவு கட்டினார். சுத்த எண்ணெயை வைத்துச் செய்த சோதனையிலிருந்து, எண்ணெயின் சுவடு மட்டும் உள்ள பானத்துக்குத் தாவியதுதான் கோளாறு. அவர் பார்த்த நோயாளிகள் பலரும் வருடக்கணக்காக நாள் முழுக்கக் குடித்தவர்கள். நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது எல்லாம் கடுங்குடியிலும், அதைத் திடீரென நிறுத்தும்போதும் வருபவை என்று இன்று எந்த மருத்துவரும் சொல்வார்.

இன்னொரு பங்கு கலப்படத்துக்கு. மலிவான சரக்குக்குப் பச்சை நிறம் வரவழைக்கச் செம்பு உப்புகளையும், தண்ணீர் ஊற்றினால் வெளுக்க வேண்டும் என்பதற்காக ஆண்டிமனி குளோரைடையும் சேர்த்ததாக அந்தக் காலப் பதிவுகள் சொல்கின்றன.

தடைக்குத் தீப்பொறியானது ஒரு கொலை. 1905 ஆகஸ்ட் 28, சுவிட்சர்லாந்தின் கொம்யூன்யி கிராமம். ஜான் லான்ஃப்ரே என்ற கூலித்தொழிலாளி கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் உள்ளே தள்ளியது லிட்டர் கணக்கில் ஒயின், கோன்யாக், புதினா மது, பிராந்தி கலந்த காபி, கூடவே இரண்டு ஆப்சாந்த். பத்திரிகைகளில் நின்றது அந்த இரண்டு மட்டும். தடை கேட்ட மனுவில் சுமார் 82,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். 1908இல் பொதுவாக்கெடுப்பு, 1910இல் நாடு முழுக்கத் தடை. அமெரிக்கா 1912இலும் பிரான்ஸ் 1915இலும் தடை செய்தன. பிரான்ஸில் இதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபிலாக்ஸரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்த வருடங்களில் ஒயினுக்குத் தட்டுப்பாடு வந்தது, ஜனங்கள் ஆப்சாந்துக்கு மாறினார்கள். தோட்டங்கள் தேறிய பிறகு ஒயின்காரர்களுக்குப் பழைய வாடிக்கையாளர்கள் திரும்ப வேண்டியிருந்தது. மதுவிலக்குக்காரர்களும் மது வியாபாரிகளும் ஒரே மேடையில் நின்ற அபூர்வமான காட்சி அது. ஒயினும் கோன்யாக்கும் குடித்துவிட்டுக் கொலை செய்தவன் பெயரால் ஒயினையும் கோன்யாக்கையும் யாரும் தடை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நூறு வருடம் கழித்துக் கணக்குத் தீர்ந்தது. பழைய ஆப்சாந்தில் லிட்டருக்கு 260 மில்லிகிராம் தூஜோன் இருந்திருக்கும் என்று 1980களில் எழுதியிருந்தார்கள். அது காகிதக் கணக்கு: செடியில் இவ்வளவு எண்ணெய், எண்ணெயில் இவ்வளவு தூஜோன், அவ்வளவும் பாட்டிலுக்குள் வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டது. 2008இல் ஜெர்மனியின் டிர்க் லாஹன்மையர் குழு, தடைக்கு முந்தைய காலத்தில் அடைத்து, அதுவரை திறக்கப்படாத 13 பாட்டில்களைத் திறந்து அளந்து பார்த்தது. லிட்டருக்கு 0.5 முதல் 48.3 மில்லிகிராம் வரை இருந்தது, சராசரி 25.4. பழைய கணக்கில் பத்தில் ஒரு பங்குதான். சுவிட்சர்லாந்து 2005இல் தடையை நீக்கியது, 2007இல் அமெரிக்காவில் விற்பனை திரும்பியது, பிரான்ஸ் 1915ஆம் ஆண்டுச் சட்டத்தை 2011இல் நீக்கியது.

இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆர்ட்டிமீசியா சேர்த்த மதுவுக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 35 மில்லிகிராம். ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு ஒரு நாளைக்கு ஏற்கலாம் என்று சொன்ன அளவு அதிகபட்சம் 6 மில்லிகிராம். நம் ஊர் அளவில் கணக்குப் போடுவோம். 180 மில்லி, அதாவது ஒரு குவார்ட்டர், உச்சவரம்பு வரை தூஜோன் உள்ள ஆப்சாந்தைக் குடித்தால் சுமார் 6 மில்லிகிராம் உள்ளே போகும். அந்த எல்லையைத் தொட ஒரு முழு குவார்ட்டர் தேவை. ஆனால் 68 சதவீதச் சரக்கில் ஒரு குவார்ட்டர் என்பது விஸ்கியில் ஒன்றரை குவார்ட்டருக்கும் மேல். எலிக்கணக்கை மனிதனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது, ஆனாலும் ஒரு மலைப்புக்குச் சொல்கிறேன்: எலியில் பாதி சாகும் அளவான கிலோவுக்கு 45 மில்லிகிராமை 60 கிலோ ஆளுக்குப் பெருக்கினால் 2,700 மில்லிகிராம். அதைப் பெற இதே ஆப்சாந்தை 80 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். ஆல்கஹால் ஒரு லிட்டருக்குள் ஆளை முடித்துவிடும்.

அளவு கூடினால் எதுவுமே தெரியாதா என்றால், தெரியும். 2004இல் வெளியான ஒரு ஆய்வில் 25 பேருக்கு மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள்: வெறும் ஆல்கஹால், தூஜோன் குறைந்தது, லிட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ளது. மூன்றாவதைக் குடித்தபோது கவனம் கூடுதலாகச் சிதறியது, பதற்றமும் எழுந்தது. கதைகளில் வரும் பச்சைத் தேவதையெல்லாம் யாருக்கும் தெரியவில்லை. 'தூஜோன் 100' என்று பெருமையாக விளம்பரம் செய்யும் பாட்டில்கள் உங்களுக்குத் தருவது இந்தப் பதற்றத்தைத்தான்.

ஆனால் வடிப்பைத் தாண்டி நேராகச் செடியின் சாரத்துக்குப் போனால் நிலைமை மாறிவிடும். 1997இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த நிகழ்வு: 31 வயது ஆண், இணையத்தில் ஆப்சாந்தைப் பற்றிப் படித்துவிட்டு, வார்ம்வுட் தைலத்தை ஆன்லைனில் வாங்கி சுமார் 10 மில்லி குடித்தார். அது வாசனைச் சிகிச்சைக்கு விற்ற சுத்த எண்ணெய். வலிப்பு வந்தது, தசைகள் சிதைந்தன, அந்தக் கழிவை வடிகட்ட முடியாமல் சிறுநீரகம் செயலிழந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். பத்து மில்லி என்றால் இரண்டு டீஸ்பூன்!

இப்போது ஊறலுக்கு வருவோம். இங்கேதான் ஆட்கள் உண்மையிலேயே சாகிறார்கள், ஆனால் யாரும் இதற்குக் கவிதை எழுதுவதில்லை. ஆல்கஹால் மிக நல்ல கரைப்பான். செடிகளில் இருக்கும் ஆல்கலாய்டு என்ற வீரியமான பொருள்களில் தண்ணீரில் கரையாதவற்றையும் உருவி எடுக்கும். காய்ச்சி வடித்தால் ஆவியாகாத விஷங்கள் கொப்பரையிலேயே நின்றுவிடும், ஊறவைத்தால் எல்லாமே உங்கள் கிளாஸுக்கு வரும்.

ஆல்ப்ஸ் மலைப் பக்கம் மஞ்சள் ஜென்ஷியன் என்ற செடியின் வேரைச் செரிமானத்துக்காக ஒயினில் ஊறவைப்பார்கள். அதே புல்வெளியில் வெராட்ரம் என்ற நஞ்சுச்செடியும் வளரும். ஜென்ஷியன் முதல் பூ விடவே பல வருடம் ஆகும், அதனால் பூவில்லாத செடியைத்தான் பெரும்பாலும் தோண்டுகிறார்கள். இரண்டுக்கும் அகலமான, நரம்போடிய இலை. கண்ணுக்குத் தெரியும் முக்கியமான வித்தியாசம் இது: ஜென்ஷியனில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக நிற்கும், வெராட்ரத்தில் மாறி மாறி வரும். மாற்றித் தோண்டியவர் வீட்டில், சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்ன கிளாஸ் குடித்த விருந்தாளிகள் எல்லாருக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும், நாடி குறையும், ரத்த அழுத்தம் விழும். இப்படிப்பட்ட நிகழ்வுகள் ஐரோப்பிய மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. நேரத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பெரும்பாலும் அட்ரோபினில் தேறிவிடுகிறார்கள்.

இதைவிட மோசமானது சீனாவில் வச்சநாவி இன வேர்களைச் சாராயத்தில் ஊறவைப்பது. மூட்டுவலிக்கு வெளியே தேய்க்க என்று செய்வார்கள், யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள், அல்லது குடிக்கவே செய்வார்கள். அந்த வேரிலுள்ள அகோனிட்டின் என்ற நஞ்சு சுமார் 2 மில்லிகிராமே ஆளைக் கொல்லும். இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், அதை நேராக முறிக்கும் மாற்றுமருந்து கிடையாது. சீன வைத்தியத்தில் அந்த வேரை வெகுநேரம் கொதிக்க வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: கொதிக்கும் தண்ணீரில் அகோனிட்டின் உடைந்து, வீரியம் பல மடங்கு குறைந்த பொருளாகிவிடும். குளிர்ந்த சாராயத்தில் அது உடைவதே இல்லை, முழுசாக இறங்கிவிடும். நம் சித்த வைத்தியத்திலும் நாவியைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்பார்கள். பழைய வைத்தியர் சொன்ன 'சுத்தி'யைத் தாண்டிவிட்டு, 'இயற்கையானதுதானே' என்று பச்சை வேரைப் பாட்டிலில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நமக்கு நெருக்கமானது வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்று சொல்லி, சுட்டுக் கரியாக்கிக் குழந்தை நாக்கில் தடவும் அதே வேர்தான் ஐரோப்பாவில் பல கசப்பு மதுக்களில் வாசனைக்குப் போகிறது. அதிலுள்ள பீட்டா-அசரோன் எலிகளுக்குக் குடலில் கட்டிகளை உண்டாக்கியது. அமெரிக்கா 1968இல் உணவில் வசம்பைத் தடை செய்தது. ஐரோப்பாவில் மதுவுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம்தான் வரம்பு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்க வசம்பில் பீட்டா-அசரோன் கிடையாது, ஐரோப்பிய வகையில் கொஞ்சம், இந்திய வகையின் எண்ணெயில் அதுதான் பெரும் பகுதி. ஆகவே ஜெர்மன் செய்முறையைப் பார்த்து நாட்டு மருந்துக் கடை வசம்பைப் போட்டால் கிடைப்பது வேறு பானம். குழந்தை நாக்கில் தடவும் வழக்கத்தையே இன்றைய குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

கூமரின் என்ற வாசனைப் பொருளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஜெர்மனியின் மே மாத மதுவுக்கு வுட்ரஃப் இலையையும், போலந்தின் சுப்ரோவ்கா வோட்காவுக்குக் காட்டெருமைப் புல்லையும் போடுவார்கள். இரண்டின் புது வைக்கோல் வாசனையும் கூமரின்தான். சிலருக்கு மட்டும் அது கல்லீரலைப் பாதிக்கும், யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அமெரிக்கா 1954இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. லிட்டர் ஒயினுக்குச் சுமார் 3 கிராம் பச்சை இலை போதும் என்பது ஜெர்மன் வீடுகளில் சொல்லும் அளவு, அதுவும் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துவிட வேண்டும். பாட்டிலில் நாள் கணக்கில் விடக்கூடாது. இதைப் படித்துப் பயப்படுகிறவர்கள் தங்கள் சமையலறைப் பட்டையையும் பார்க்கலாம்: தடித்த காசியா பட்டையில் கூமரின் தாராளம், மெல்லிய சுருளாக வரும் இலங்கைப் பட்டையில் மிகச் சொற்பம்.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி, ஆன்லைன் வார்ம்வுட் வோட்கா. நடக்கப்போவது இதுதான். முதலில், அப்சிந்தின் முழுக்க இறங்கிவிடும், வாயில் வைக்க முடியாத கசப்பு. அனெத்தோல் இல்லாததால் தண்ணீர் ஊற்றினாலும் சரியாக வெளுக்காது. ஆப்சாந்தின் எந்த அழகும் வராது. தூஜோன் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் வார்ம்வுட்டிலேயே எண்ணெயில் தூஜோன் ஏறக்குறைய இல்லாத வகையும் உண்டு, பாதிக்கு மேல் தூஜோனாகவே உள்ள வகையும் உண்டு. பாக்கெட்டில் அது எழுதியிருக்காது. பாக்கெட்டில் இருப்பது வார்ம்வுட்தானா என்பதே இன்னொரு கேள்வி. வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்தப் பக்கமே வரக்கூடாது. காபா சம்பந்தப்பட்ட மருந்து, அதாவது தூக்க மாத்திரையோ வலிப்பு மருந்தோ, எடுப்பவர்களுக்கு நண்பர் கொடுத்த பாட்டிலும் வேண்டாம். அவர்கள் விஷயத்தில் ஆல்கஹாலே போதுமான ஆபத்து.

மற்றபடி நண்பர் கொடுத்ததைக் குடிப்பதானால் 30 மில்லிக்கு 100 மில்லிக்குக் குறையாமல் குளிர்ந்த தண்ணீர், அன்றைக்கு அதோடு சரி. எந்த மூலிகை ஊறலாவது குடித்தபின் யாருக்காவது வாய் மரத்துப் போனால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், நெஞ்சு படபடத்தால் அல்லது நாடி மெதுவானால், போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மீதி ஊறலையும் பாட்டிலின் அடியில் கிடக்கும் வேரையும் அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். அது என்ன வேர் என்று தெரிவதைப் பொறுத்துத்தான் அங்கே சிகிச்சை மாறும்.